பழைய காற்பந்து வீரர் ஒருவரின் வாழ்க்கையை சிங்கப்பூரில் இருந்தபடி எழுதுவது எப்படி

எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் மாதம் ஒரு மாலை காற்பந்துப் பிரியர்கள் கூடிப் பேசுவோம். யாராவது ஓர் இளையர் பழைய ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றி எழுதிக் கொண்டுவந்து வாசித்தால், உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு மனசு நிறைந்துவிடும். ஆனால் வருவது பெரும்பாலும் பட்டியல். பிறந்த தேதி, ஆடிய குழுக்கள், கோல், கிண்ணம், இறந்த தேதி, முடிந்தது. அந்தப் பட்டியலிலிருந்து ஒரு மனிதரை எப்படி வெளியே கொண்டுவருவது என்று, எனக்கு மிகவும் பிடித்த இங்கிலாந்து வீரர் ரெய்ச் கார்ட்டரை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு தாளில் எலும்புக்கூட்டை எழுதிக்கொள்ளுங்கள். ஹொரேஷியோ ஸ்ட்ராட்டன் கார்ட்டர் (ரெய்ச் என்பது ஹொரேஷியோவின் சுருக்கம்), 1913 டிசம்பர் 21, இங்கிலாந்தின் சண்டர்லண்ட் நகரம். அப்பாவும் காற்பந்து வீரர். பள்ளிச் சிறுவர்களுக்கான இங்கிலாந்து அணியில் ஆடிய இவரை, உடம்பு சின்னது என்று லெஸ்டர் சிட்டி திருப்பி அனுப்பியது. மின்சார வேலை கற்றுக்கொண்டே ஆடி, 1931-ல் சண்டர்லண்ட் குழுவின் சம்பள வீரரானார். 1936-ல் லீக் பட்டம், 1937-ல் எஃப்ஏ கிண்ணம் (தோற்றால் வெளியேறும் இங்கிலாந்துக் குழுக்களின் போட்டி), 1946-ல் டார்பி கவுன்ட்டியுடன் மறுபடி எஃப்ஏ கிண்ணம். பிறகு ஹல், லீட்ஸ், மான்ஸ்ஃபீல்ட், மிடில்ஸ்பரோ குழுக்களின் நிர்வாகி. 1994 அக்டோபர் 9-ல் காலமானார்.

இப்போது அந்தத் தாளில் எங்கே வெற்றிடம் இருக்கிறது என்று பாருங்கள். 1939-லிருந்து 1946 வரை ஒன்றுமே இல்லை. 25 வயதிலிருந்து 32 வயது வரை, ஓர் ஆட்டக்காரரின் கால்கள் மிக நன்றாக இருக்கும் வருஷங்கள். கார்ட்டரின் கதை அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் தீயணைப்புப் படையில் சேர்ந்தார், அப்புறம் விமானப்படையில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார். காயம்பட்ட விமானப்படை வீரர்களைத் தேற்றும் வேலைக்காக லஃப்பரோவில் இருந்தபோதுதான் பக்கத்தில் இருந்த டார்பிக்கு விருந்தாளி வீரராக, அதாவது வேறு குழுவைச் சேர்ந்தவராக இருந்தும் தற்காலிகமாக, ஆடத் தொடங்கினார். போர்க்கால இங்கிலாந்து ஆட்டங்கள் 17-ல் ஆடியிருக்கிறார். அதிகாரபூர்வக் கணக்கில் அவை சேராது. அங்கே 1934 முதல் 1947 வரை 13 ஆட்டம், 7 கோல் என்று மட்டும் நிற்கிறது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்து எழுதுங்கள். வெறும் 13 என்று எழுதினால் அவருக்கு அநியாயம் செய்கிறோம்.

நம் ஊரிலும் அதே ஆண்டுகளில் ஒரு பள்ளம் உண்டு, தேடும்போது அதை மறக்க வேண்டாம். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா டிரிபியூன், சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ் எல்லாவற்றின் பழைய இதழ்களும் வீட்டிலிருந்தே படிக்கலாம், காசு கிடையாது. ஆனால் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனதும் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நின்றது. 1945 செப்டம்பர் 7-ல்தான் மீண்டும் வந்தது. நடுவில் இங்கிலாந்து ஆட்டங்களைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

தேடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கார்ட்டர் என்று மட்டும் தட்டினால் ஊரில் இருந்த எல்லாக் கார்ட்டர்களும் வந்து நிற்பார்கள். குழுவின் பெயரையும் சேர்த்து, தேதி வரம்பைக் குறுக்குங்கள். ஹொரேஷியோ, ரெய்ச், எச்.எஸ். என்று பெயரை மாற்றி மாற்றிப் போடுங்கள். பழைய அச்சைக் கணினி தப்பாகப் படித்திருக்கும், அதனால் பெயரே இல்லாமல் சண்டர்லண்ட், பிரஸ்டன் என்று இரு குழுக்களை மட்டும் போட்டும் பாருங்கள். இங்கிலாந்தில் ஆட்டம் சனிக்கிழமை என்றால் இங்கே ஞாயிறு, திங்கள் இதழ்களைத் திறக்க வேண்டும். 1937 மே 1 இறுதியாட்டத்தை அப்படித் தேடுங்கள்: பிரஸ்டன் முதல் கோலைப் போட்டது, பிறகு கர்னி, கார்ட்டர், பர்பாங்க்ஸ் என்று மூன்று, 3-1. குழுத் தலைவர் கார்ட்டருக்கு அப்போது வயது 23.

ஒவ்வொரு வெற்றிக்கும் பின்னால் அந்தப் பருவத்தில் வேறு என்ன நடந்தது என்று தேடுங்கள். 1935-36ல் சண்டர்லண்ட் 109 கோல் அடித்து லீக்கை வென்றது, கார்ட்டர் மட்டும் 31. அதே பருவத்தில், 1936 பிப்ரவரி 1-ல் செல்சியுடன் நடந்த ஆட்டத்தில் கோல்காவலர் ஜிம்மி தார்ப் உதைபட்டார். நீரிழிவு நோயாளியான அவர் நான்காம் நாள் இறந்தார், வயது 22. அவருடைய பதக்கம் மனைவியிடம் கொடுக்கப்பட்டது. கோல்காவலர் கையில் பந்து இருக்கும்போது காலைத் தூக்கக் கூடாது என்ற விதி இதற்குப் பிறகுதான் வந்தது. கார்ட்டரோடு உடை மாற்றும் அறையில் இருந்தவர் அவர். இதை விட்டுவிட்டு அந்தப் பட்டத்தை எழுதுவது எனக்குச் சம்மதமில்லை.

சம்பளத்தை இன்றைய வெள்ளிக்கு மாற்றி எழுதாதீர்கள். அந்தக் காலத்தில் உச்ச வரம்பு இருந்தது, பருவத்தில் வாரம் 8 பவுன். அன்றைய மலாயா வெள்ளி 2 ஷில்லிங் 4 பென்ஸ். கணக்குப் போட்டால் வாரம் சுமார் 69 வெள்ளி. அதே நாளிதழின் வேலை விளம்பரப் பக்கத்தைப் புரட்டி, ஒரு குமாஸ்தாவுக்கு என்ன கொடுத்தார்கள் என்று பக்கத்தில் வையுங்கள். படிப்பவருக்கு உடனே புரியும்.

ஆடும் இடத்தையும் விளக்க வேண்டும். கார்ட்டர் இன்சைட் ஃபார்வர்ட். முன்னால் ஐந்து பேர் நின்ற அந்தக் காலத்தில், நடுவரிசையிலிருந்து பந்தை வாங்கி மற்ற முன்னாட்டக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அவர் வேலை. சமயம் பார்த்துத் தானே கோலும் போடுவார். டார்பியில் வலப்புறம் இவர், இடப்புறம் பீட்டர் டோஹர்ட்டி. 1946 இறுதியாட்டத்தில் பந்தே வெடித்தது, கூடுதல் நேரத்தில் சார்ல்ட்டனை 4-1 என்று வென்றார்கள். போருக்கு முன்னும் பின்னும் எஃப்ஏ கிண்ணப் பதக்கம் வாங்கிய ஒரே வீரர் கார்ட்டர்.

எழுதுகிறவர்கள் அதிகம் சோம்பல்படுவது நிர்வாகியாக இருந்த காலத்தில். "பிறகு நிர்வாகியானார்" என்று ஒரே வரியில் இருபது வருஷத்தை முடிக்கிறார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று கேள்வி கேளுங்கள்: வந்தபோது என்ன இருந்தது, கையில் யார் இருந்தார்கள், போகும்போது எதை விட்டுப் போனார்.

ஹல் சிட்டிக்கு 1948-ல் போனார். சீக்கிரமே ஆடிக்கொண்டே நிர்வகிக்கும் பொறுப்பு வந்தது. 1948-49ல் மூன்றாம் பிரிவு வடக்கில் முதலிடம். எஃப்ஏ கிண்ணக் காலிறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 0-1 என்று தோற்றாலும் பார்க்க வந்தவர்கள் 55,019 பேர். அங்கே அவருடைய சிறந்த ஆட்டக்காரர் அவரேதான், இதை மறக்காமல் எழுதுங்கள். 1951-ல் பதவியை விட்டு மிட்டாய்க் கடை நடத்தினார், சில மாதங்களில் வெறும் ஆட்டக்காரராகத் திரும்பினார். 1953-ல் அயர்லாந்தின் கார்க் அத்லெட்டிக்குடன் இன்னொரு கிண்ணம்.

லீட்ஸில் (1953-58) நிலைமை வேறு. இப்போது அவர் ஆடவில்லை, ஆனால் வேல்ஸ் நாட்டு நட்சத்திர வீரர் ஜான் சார்ல்ஸ் குழுவில் இருந்தார். 1956-ல் லீக்கின் உச்சமான முதல் பிரிவுக்கு ஏறினார்கள், அடுத்த பருவம் எட்டாம் இடம். 1957-ல் சார்ல்ஸை 65,000 பவுனுக்கு இத்தாலியின் யுவென்டஸ் குழு வாங்கியது. அடுத்த பருவம் பதினேழாம் இடம், கார்ட்டரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. சார்ல்ஸை வைத்துத்தான் ஜெயித்தார் என்று குறைத்துப் பேசுபவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. அப்படி ஒருவரை விற்ற பிறகும் குழு முதல் பிரிவில் நிலைத்ததே, அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். மான்ஸ்ஃபீல்டில் நல்ல பெயர். மிடில்ஸ்பரோவில் 1966 பிப்ரவரியில் வேலை போனது, அந்தப் பருவ முடிவில் குழு மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. இந்தத் தோல்வியையும் கிண்ணத்துக்குக் கொடுத்த அதே இடம் கொடுத்து எழுதுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேளுங்கள். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்த நம் ஆட்களின் குடும்பங்கள் இன்னும் இங்கே இருக்கின்றன. "கார்ட்டரைத் தெரியுமா?" என்று கேட்டால் பதில் வராது. "இங்கிலாந்து ஆட்ட முடிவு உங்கள் வீட்டுக்கு எப்படி வரும் தாத்தா, யார் படித்துச் சொல்வார்கள்?" என்று கேளுங்கள், பேச ஆரம்பித்துவிடுவார். அவர் சொல்வதை மரியாதையாகக் குறித்துக்கொண்டு, தேதியையும் கோல் கணக்கையும் மட்டும் நாளிதழில் சரிபாருங்கள்.

கார்ட்டரை எழுதிப் பழகியவர்கள் அடுத்து சூ செங் குவீயை எடுத்துக்கொள்ளலாம். 1914-ல் பிறந்தவர், போருக்கு முன் சிங்கப்பூருக்கு ஆடியவர், இந்தோனேசியாவுக்கும் மலாயாவுக்கும் பயிற்றுவிப்பாளராக இருந்தவர். 1977-ல் பினாங்கை 3-2 என்று வென்று நாம் மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தபோது குழுவை நடத்தியவரும் அவரே. அதே தாள், அதே மூன்று கேள்வி. முதலில் 1930-களின் மலாயாக் கிண்ண (மலேசியக் கிண்ணத்தின் அன்றைய பெயர்) செய்திகளில் அவர் பெயர் எப்படியெல்லாம் அச்சாகியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு தேடலைத் தொடங்குங்கள்.