ஜவுளிக் கடைக்கு முன் தையல் கடை: புதுத் துணி வாங்குவதைக் குறைக்கும் முறை

பீரோ நிறையத் துணி இருந்தும் உடுத்திக்கொள்ள ஒன்றுமில்லை என்று தோன்றினால், இருப்பவற்றில் கணிசமானவை கொக்கி விட்டுப்போயோ, இடுப்பு இறுகிப்போயோ, உரிய ரவிக்கை தைக்கப்படாமலோ உடுத்தும் நிலையில் இல்லை என்று பொருள். வாங்குவதைக் குறைக்க விரும்புகிறவர் மனக்கட்டுப்பாட்டிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. தையல் கடையிலிருந்து தொடங்கினால் போதும். பீரோவில் கிடப்பவை உடுத்தத் தக்கவையாக மாறும்போது புதியதன் மீதான ஆசை பாதிக்கு மேல் தானாகவே அடங்கிவிடும்.

முதலில் வீட்டிலுள்ள துணி அனைத்தையும் ஒரே நாளில் வெளியே எடுத்துக் கட்டிலில் பரப்ப வேண்டும். பரண்மேல் இருக்கும் பெட்டி, துவைக்கப் போட்ட கூடை, இஸ்திரிக்குக் கொடுத்தது ஆகிய எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். புடவை, சட்டை, சுடிதார் என்று வகை பிரிப்பதைவிட வேலைக்கு உடுத்துவது, வீட்டில் உடுத்துவது, விசேஷத்துக்கு உடுத்துவது என்று பயன் பார்த்துப் பிரிப்பது நல்லது. ஏழு பட்டுப் புடவையும் அலுவலகத்துக்கு இரண்டே சுடிதாரும் இருக்கும் நிலை அப்போதுதான் கண்ணில் படும். பிறகு ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, கடந்த தீபாவளிக்குப் பின் ஒருமுறையாவது உடுத்தினோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஏன் இல்லை என்பதையும் கேட்க வேண்டும். அந்தக் காரணத்தை ஒரு தாளில் எழுதி வைப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. பட்டுக்கும் வெளியூர்க் குளிருக்கான கம்பளிக்கும் இந்த ஓராண்டுக் கெடு பொருந்தாது.

மூன்று மாதத்துக்கு 33 உருப்படி போதும் என்று ஓர் அமெரிக்க முறை இணையத்தில் பிரபலமாக இருக்கிறது. செருப்பும் நகையும்கூட அந்த 33-க்குள் அடக்கம். சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு இரண்டு முறை உடை மாற்றுகிற ஊரில், மாதம் ஒரு கல்யாணமாவது வருகிற குடும்பத்தில், அந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு திண்டாடுவதில் அர்த்தமில்லை. நம் வீட்டில் எத்தனை நாளைக்கு ஒருமுறை துணி துவைக்கிறோம் என்பதே நமக்கான அளவுகோல். வாரம் இருமுறை துவைப்பவருக்கு வெளியே போட்டுச் செல்ல ஏழு செட் தாராளம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணி காய இரண்டு நாள் ஆகும் என்பதால் இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது காரணங்கள் எழுதிய தாளுக்கு வருவோம். பொத்தான், கொக்கி, எலாஸ்டிக், ஜிப், ஓரம் பிரிந்தது போன்றவை அரைமணி நேர வேலைகள். ஜிப் மூடவில்லை என்றால் பல சமயம் அதன் ரன்னரை மட்டும் மாற்றினால் சரியாகிவிடும். கிழிசல் சிறிதாக இருந்து துணி நல்லதாக இருந்தால், இழையோட்டி அடைக்கும் டார்னிங் வேலை தெரிந்தவரிடம் கொடுக்கலாம்.

புடவை உடுத்துவோர் வீட்டில் மிகப் பெரிய தேக்கம் ரவிக்கையில்தான் இருக்கிறது. உடம்பு சற்றுப் பூசினாற்போல் ஆனதும், நல்ல நிலையில் உள்ள பத்துப் புடவைகள் ஒரே நேரத்தில் முடங்கிப்போகின்றன. ரவிக்கையை உள்பக்கம் திருப்பிப் பக்கத் தையலைப் பாருங்கள். கவனமுள்ள தையற்காரர் அங்கே ஓர் அங்குலம்வரை துணி விட்டு, இரண்டு மூன்று வரிசை தையல் ஓட்டியிருப்பார். இரு பக்கமும் அரை அங்குலம் தளர்த்தினால், முன்துண்டிலும் பின்துண்டிலுமாகச் சேர்த்துச் சுற்றளவில் இரண்டு அங்குலம் கிடைத்துவிடும். பட்டு ரவிக்கையில் பழைய தையலின் ஊசித்துளை வெளியே தெரியக்கூடும் என்றாலும், அது கைக்கு அடியில் வருவதால் பெரிதாகக் கண்ணில் படாது. உள்ளே துணியே விடப்படவில்லை என்றால், அக்குளுக்குக் கீழே வேறு துணியில் பட்டை வைத்துத் தைக்கச் சொல்லலாம். புதிதாகத் தைக்கக் கொடுக்கும்போது, பக்கத்திலும் கைச்சுற்றிலும் துணி விட்டுத் தைக்கும்படி வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் வெட்டி எறிந்துவிடுகிறவர்களும் உண்டு. கறுப்பு, அரக்கு, மங்கிய தங்க நிறம் ஆகிய மூன்றில் நன்றாகப் பொருந்தும் ரவிக்கைகள் இருந்தால், துணை இல்லாமல் கிடக்கும் பல புடவைகள் மறுபடி வெளியே வரும். தாம்பூலத்தோடு வந்து சேர்ந்த ரவிக்கைத் துண்டுகளில் இதற்கு உகந்தவை இருக்கக்கூடும்.

குழந்தைகளின் பாவாடையிலும் பள்ளிச் சீருடையிலும் ஓரத்தை அகலமாக மடித்துத் தைத்து, வளர வளரப் பிரித்து விடுவது நம் வீடுகளில் வெகுகாலமாக இருந்து வந்த பழக்கம். ஆயத்த ஆடை வந்த பிறகு அது மறந்துபோயிற்று.

இத்தனைக்கும் பிறகு உண்மையாகவே இல்லாதது எது என்பது தெரிந்துவிடும். அதை நிறம், துணி, உடுத்தும் இடம் ஆகிய மூன்றோடும் பட்டியலாக எழுதிக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளலாம். ஆடித் தள்ளுபடியில் ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்னும் பலகையின் முன் நிற்கும்போது, தேவைப்பட்டது ஒன்றே என்பதைப் பட்டியல் நினைவூட்டும். ஆடியில் கல்யாணம் வைக்காததால் மந்தமாகும் விற்பனையைத் தூக்கிநிறுத்தவும், தேங்கிய சரக்கைத் தள்ளவும் பிறந்த ஏற்பாடு அது. நம் பீரோவின் தேவைக்கும் அதற்கும் தொடர்பில்லை. பட்டியலில் இல்லாத ஒன்று மிகவும் பிடித்துப்போனால் ஒரு வாரம் கழித்து வரலாம். அப்போதும் நினைவில் நின்றால், வீட்டில் ஏற்கெனவே உள்ள மூன்று துணிகளோடாவது அது சேருமா என்று பார்த்து வாங்கலாம். தீபாவளிக்குப் புதுத்துணி கட்டாமல் இருக்கும்படி நான் சொல்லமாட்டேன். ஆளுக்கு மூன்று எடுப்பதை ஒன்றாக்கி, அந்த ஒன்றை நல்லதாக எடுத்தால் போதும். ஆனால் கல்யாணத்தில் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு நிறம், வரவேற்புக்கு ஒரு நிறம் என்று குடும்பம் முழுவதும் சீருடை அணிகிற வழக்கம் அண்மையில் ஒட்டிக்கொண்டது. அதைத் துணிந்து மறுக்கலாம், அல்லது அக்கா தங்கைகளுக்குள் மாற்றிக் கட்டிக்கொள்ளலாம்.

கடையில் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். நெசவு சீராக இல்லாமல் ஆங்காங்கே விலகித் தெரிந்தால் அது சில துவைப்புகளில் நைந்துவிடும். உள்பக்கம் திருப்பித் தையலை இரு கைகளாலும் மெல்ல இழுத்தால் இடைவெளி விடக்கூடாது. பருத்தி என்று சொல்லி விற்பதில் ஐயம் இருந்தால், வாங்கிய பின் ஓரத்து நூல் ஒன்றை எரித்துப் பார்க்கலாம்: பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான உருண்டையாகும்.

ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு, பயிர் முதல் சாயம்வரை, ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாகிறது என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. அந்தச் சாயநீர் எங்கே போனது என்பதற்கு நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் சாட்சி. பாசனத்துக்குக் கட்டிய அணையில் திருப்பூரின் கழிவுநீர் தேங்கி, நீரையே பயன்படுத்த முடியாமல் போயிற்று. விவசாயிகள் தொடர்ந்து வழக்காடிய பிறகு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பிழைப்புக்கு அந்தத் தொழிலை நம்பியிருப்போர் பல லட்சம் பேர் என்பதால் திருப்பூர்த் துணியைப் புறக்கணிப்பது தீர்வாகாது. அங்கே தைத்த ஒரு பனியனை இரண்டு ஆண்டுக்குப் பதில் நான்கு ஆண்டு உடுத்துவது நம்மால் ஆகக்கூடியது.

அதற்குத் துவைக்கும் முறை முக்கியம். நிறத்துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் துவைத்து நிழலில் உலர்த்த வேண்டும். சுங்குடியை முதல் சில முறை தனியாக அலச வேண்டும். ஜீன்ஸை ஒவ்வொரு முறை போட்டதும் துவைக்கத் தேவையில்லை. பட்டுப் புடவையை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றினால் மடிப்பு வழியே இற்றுப்போகாது. அந்துருண்டை சரிகையில் படக்கூடாது. வேப்பிலையை உலர்த்தித் துணியில் முடிந்து பக்கத்தில் வைக்கலாம்.

கடைசியில் மிஞ்சுவதைக் கொடுக்கும்போது, துவைத்து, பொத்தான் வைத்து, மறுநாளே ஒருவர் உடுத்தத் தக்க நிலையில்தான் கொடுக்க வேண்டும். ஆதரவற்றோர் இல்லங்களுக்கு மூட்டை கட்டி அனுப்புமுன் என்ன அளவு, என்ன துணி தேவை என்று கேட்டுக்கொள்வது மரியாதை. நைந்த பருத்திப் புடவை தூளிக்கும் தலையணை உறைக்கும் ஆகும். அதற்கும் ஆகாதது கரித்துணியாகும். சாயம்போன பாலியெஸ்டர் நீரை உறிஞ்சாததால் துடைக்கக்கூடப் பயன்படாது. வாங்கும் வேளையிலேயே இதை நினைத்துக்கொள்வது நல்லது.