பக்கவாட்டில் நிற்கும் வள்ளத்துக்குப் போகஸ் பிடிப்பது எப்படி?

பிலிம் கமராவில் ஓட்டோபோகஸ் (கமரா தானே போகஸ் பிடிப்பது) நல்லதா, லென்ஸ் வளையத்தைக் கையால் திருப்புவது நல்லதா என்று கேட்டால், முதலில் கையால் பழகுங்கள் என்றுதான் சொல்வேன். பென்டாக்ஸ் கே1000, நிகோன் எஃப்எம்2 இரண்டிலும் பற்றரி ஒளியை அளக்க மட்டுமே; அது தீர்ந்தாலும் படம் எடுக்கலாம். 1990களின் பொருளாதாரத் தடையில் பற்றரி வன்னிக்குள் வராத காலத்தைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பிலிம் போடுவது தெரியும் என்று எடுத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதலில் ஒரு பனைமரத்தைப் பாருங்கள். எஃப்எம்2 போன்றவற்றில், கண் வைத்துப் பார்க்கும் வியூபைண்டரின் நடுவில் சிறு வட்டம், அதன் குறுக்கே ஒரு கிடைக்கோடு (சாதாரண கே1000இல் இந்தக் கோடு இராது). போகஸ் விலகியிருந்தால் அந்த இடத்தில் மரம் வெட்டுப்பட்டு, மேல்துண்டு ஒரு பக்கமும் கீழ்த்துண்டு மறுபக்கமுமாக நிற்கும். லென்ஸ் வளையத்தை மெல்லத் திருப்புங்கள். இரண்டு துண்டும் பொருந்தியதும் சற்றுத் தாண்டிப் போய், மறுபடி திரும்பி வந்து நிறுத்துங்கள்.

இனித்தான் பலரும் தடுமாறும் இடம். முல்லைத்தீவுக் கரையில் பக்கவாட்டில் கிடக்கும் வள்ளத்தைப் பாருங்கள். வள்ளத்தின் விளிம்பு, அலைக்கோடு, அடிவானம் எல்லாமே கிடையாகக் கிடக்கின்றன. வட்டத்தை வெட்டும் கோடும் கிடைதான். எவ்வளவு திருப்பினாலும் எதுவும் விலகித் தெரியாது. கமராவை நெட்டாகப் பிடியுங்கள். இப்போது வள்ளத்தின் விளிம்பு அந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டும், விலகல் பளிச்சென்று தெரியும். பொருத்திவிட்டு, வளையத்தைத் தொடாமல் கமராவைப் பழையபடி திருப்புங்கள்.

1985இல் வந்த மினோல்டா 7000 போன்ற ஆரம்ப ஓட்டோபோகஸ் கமராக்களுக்கும் இதே சிக்கல்தான். அவற்றின் உணரி நிலைக்குத்துக் கோடுகளைத்தான் தேடும். கிடைக்காவிட்டால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் திணறும். வைத்தியமும் அதேதான்: நெட்டாகப் பிடித்துப் பொத்தானைப் பாதி அழுத்துங்கள், போகஸ் பூட்டியதும் விரலை எடுக்காமல் திருப்பி, முழுதாக அழுத்துங்கள். ஓட்டோபோகஸ்தான் வேண்டுமென்றால், இரு திசைக் கோடுகளையும் பார்க்கும் உணரி உள்ள நிகோன் எஃப்100 போன்ற ஒன்றைத் தேடுங்கள். ஓடும் பிள்ளைகளைப் படமெடுக்க அதுவே மேல்.

வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குக் காவடி வரும்போது வளையம் திருப்ப நேரமிராது. 35 மி.மீ. லென்ஸ், லென்ஸின் திறப்பு எஃப் 11, தூரம் 3.7 மீற்றர் என்று முன்கூட்டியே வைத்துவிடுங்கள். ஏறக்குறைய 1.9 மீற்றரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெளிவாக விழும். 200 ஐஎஸ்ஓ பிலிமுக்கு நல்ல வெயிலில் 1/500 செக்கன் ஷட்டர் வேகம் போதும்.

பின்னர் சேர்த்தது: வட்டத்தில் ஒரு பாதி கறுத்துப்போகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். கண் நடுவில் இல்லாவிட்டால் அப்படித் தெரியும். கண்ணைச் சற்று நகர்த்திப் பாருங்கள். எஃப் 5.6 அளவே திறக்கும் சூம் லென்ஸ் என்றால் கண்ணை நகர்த்தியும் பயனிராது. வட்டத்துக்கு வெளியே உள்ள சொரசொரப்பான கண்ணாடிப் பரப்பில் பார்த்துக் குவியுங்கள். பழகுவதற்கு 50 மி.மீ. எஃப் 2 லென்ஸைத்தான் பரிந்துரைப்பேன்; மாலையில் வெளிச்சம் குறைந்த பிறகும் அதில் அந்த வட்டம் கறுக்காது.