அம்மாவின் கட்டிலில் ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள்

அம்மாவுக்கு 76 வயது. செங்கோட்டையில் தனியாக இருக்கிறாள், நான் கேரளத்துப் புனலூரில் கடை வைத்திருக்கிறேன், நடுவில் ஆரியங்காவு மலை. "எங்ககூட வந்துரு" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோய், சரி, அவள் இருக்கிற இடத்திலேயே விழாமல் இருக்க என்ன வழி என்று பார்க்க ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. அதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் எதையும் வாங்காதீர்கள். ஊருக்குப் போய் அவர்கள் படுக்கிற கட்டிலில் ஒரு ராத்திரி படுங்கள். இரண்டு மணிக்கு எழுந்து, விளக்குப் போடாமல், அவர்கள் எப்படிப் போவார்களோ அப்படியே கழிப்பறைவரை நடந்து பாருங்கள். நான் நடந்தபோது வழியில் ஒரு சாக்கு மிதியடி, ஒரு நிலைப்படி, முற்றத்தில் பாசி, அப்புறம் ஒரு தண்ணீர்க் குடம். பகலில் வந்துபோகிற நமக்கு இது எதுவுமே கண்ணில் படாது.

சாக்கையும் குடத்தையும் அன்றைக்கே எடுத்தாயிற்று. நிலைப்படியைச் செதுக்கிவிடலாம் என்றேன், "நிலையில கை வைக்கப்படாது" என்று ஒரே பிடியாக நின்றாள். அதனால் படி ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்து, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைத்தோம். யோசித்தால் அதுவே நல்ல முடிவு. பழகின வீட்டின் அமைப்பைத் திடீரென்று மாற்றினால் கால் தடுமாறும். பாசிதான் எங்கள் பக்கத்துப் பெரிய எதிரி. ஜூனில் சாரல் பிடித்தால் ஆகஸ்டுவரை முற்றம் காயாது, வாரம் ஒருமுறை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க ஆள் ஏற்பாடு செய்துவிடுங்கள், அவர்களே தேய்க்க உட்கார்ந்தால் வந்த காரியம் கெட்டது.

கட்டில் உயரமும் முக்கியம். ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுசாகத் தரையில் பட வேண்டும். சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், வழி நெடுக இரண்டு சின்ன எல்இடி விளக்கு ராத்திரி முழுக்க எரியட்டும்.

கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி கட்டாயம். இதில் நான் ஏமாந்தேன். வந்த பிளம்பர் துண்டு போடுகிற ராடை மாட்டிவிட்டுப் போய்விட்டார், நான் தொங்கிப் பார்த்தேன், திருகாணியோடு கையில் வந்தது. உடம்புப் பாரத்தைத் தாங்குகிற ஸ்டீல் கம்பியை ஆங்கர் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் போல்ட்டும் நிற்காது, சுவரை ஊடுருவித் துளைத்து வெளிப்பக்கம் தகடு கொடுத்து முறுக்கச் சொல்லுங்கள். உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி ஒன்று போடுங்கள். உள்ளே விழுந்தவரை வெளியே எடுக்கக் கதவை உடைத்த கதை ஒவ்வொரு தெருவிலும் ஒன்று இருக்கிறது.

கைத்தடி? அம்மா தொடவே மாட்டேன் என்றாள். "கம்பு ஊனிட்டுப் போனா கெழவின்னு சொல்லுவாவ." குடையை மட்டும் ஊன்றுவாள், அது தடியைவிட ஆபத்து, நுனி வழுக்கும். கடைசியில் அவள் வயசுத் தோழி ஒருத்தி தடியோடு கோயிலுக்கு வருவதைப் பார்த்துத்தான் மனசு மாறினாள், என் பேச்சால் இல்லை. தடி வாங்கினால் உயரம் பாருங்கள்: செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகைக்குச் சரியாக இருக்க வேண்டும். எந்தக் கால் வலிக்கிறதோ அதற்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். அடியில் இருக்கிற ரப்பர் புஷ் தேய்ந்தால் மாற்றிவிடுங்கள்.

வீட்டைச் சரிசெய்தும் தலைசுற்றல் நிற்கவில்லை என்றால் மாத்திரையைப் பாருங்கள். தென்காசியில் ஒரு டாக்டர், என்னோடு வந்து தங்கியபோது கேரளப் பக்கம் ஒரு டாக்டர். இரண்டு பேரும் பிரஷருக்கு அம்லோடிபின் என்கிற ஒரே மருந்தைத்தான் எழுதியிருக்கிறார்கள், கம்பெனிப் பெயர் மட்டும் வேறு. அம்மா இரண்டையும் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறாள், காலும் வீங்கிக் கிடந்தது. எல்லா அட்டையையும் ஒரே பையில் போட்டு ஒரே டாக்டரிடம் கொண்டுபோய்க் கொட்டுங்கள், தூக்க மாத்திரை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அதுவும் ஆளைத் தள்ளிவிடும். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்று மூன்று நிமிஷத்துக்குள்ளும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 குறைந்தால் அதற்குத் தனியாக வைத்தியம் வேண்டும். எப்படியானாலும் எழுந்தவுடன் நடக்காமல் ஒரு நிமிஷம் கட்டில் ஓரத்தில் உட்காரும் பழக்கம் நல்லது.

கால் பலத்துக்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, பத்தடி நடந்து, திரும்பி வந்து உட்கார 12 விநாடிக்கு மேல் ஆனால் விழும் வாய்ப்பு அதிகம். அதற்கு மருந்து உடற்பயிற்சிதான், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது. கண்ணில் புரை இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள்.

அரசாங்க விஷயம் சுருக்கமாக. மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் நடக்கிறது, பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். அது தமிழ்நாட்டுத் திட்டம், எல்லையிலிருக்கும் புளியரை தாண்டி நம்மோடு தங்க வந்தால் மாத்திரையைக் கையோடு கொண்டுவர வேண்டும். பென்ஷன்காரர்கள் உயிர்ச் சான்றுக்கு அலைய வேண்டாம், தபால்காரர் வீட்டுக்கு வந்து செய்துகொடுப்பார், 70 ரூபாய். முதியோர் உதவி எண் 14567, இரண்டு மாநிலத்திலும் அதேதான்.

இத்தனையும் செய்த பிறகும் விழலாம். விழுந்தால் பதறி அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். ஒரு கால் குட்டையாகத் தெரிந்து பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம், அசைக்காமல் 108. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால், "ஒண்ணுமில்ல" என்று அவரே சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். அடி ஒன்றும் இல்லையென்றால் ஒருக்களித்துப் புரண்டு, தவழ்ந்து, நாற்காலியைப் பிடித்து எழலாம். இதை நன்றாக இருக்கும்போதே ஒருமுறை செய்து பழக்குங்கள். போனை மேஜைமேல் வைக்காமல் இடுப்புப் பையில் வைக்கச் சொல்லுங்கள், விழுந்து கிடக்கிறவருக்கு மேஜை எட்டாது.

காமிரா வைக்கலாமா என்று கேட்டேன், அம்மா முகம் மாறிவிட்டது, விட்டுவிட்டேன். பதிலாக எதிர்வீட்டு மதினியிடம் ஒரு ஏற்பாடு. காலை ஆறரைக்குள் வாசலில் கோலம் விழவில்லை என்றால் மதினி வந்து கதவைத் தட்டுவாள், சாவி ஒன்று அவளிடம் இருக்கிறது. சாரல் மாசத்தில் கோலம் நிற்காதே, அப்போது மட்டும் வாசல் விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்ப்பாள். போன ஜூலையில் ஒருநாள் ஏழு மணிவரை விளக்கு எரிந்ததாம், ஓடிப்போய்த் தட்டியிருக்கிறாள். அம்மா உள்ளே சாவகாசமாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தாளாம், பல்பை அணைக்க மறந்துபோச்சு என்று.