தீர்ப்பு மேற்கோள் பிசகாமல் வர

சட்டக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு, மேற்கோள்களைச் சேமித்து வடிவமைத்துத் தரும் ஜோடெரோ அருமையான இலவச மென்பொருள். பிரிட்டனின் ஆஸ்கோலா, அமெரிக்காவின் புளூபுக் என்ற இரண்டு சட்ட மேற்கோள் பாணிகளும் அதில் கிடைக்கும். ஆனால் இணையத்திலிருந்து சேர்க்கும் தீர்ப்பு பல நேரம் 'வலைப்பக்கம்' என்றே பதிவாகிவிடும். அப்புறம் எந்தப் பாணியைத் தேர்ந்தெடுத்தாலும் மேற்கோள் தப்பாகத்தான் வரும். வகையை 'வழக்கு' என்று மாற்றிவிட்டு, வழக்கின் பெயர், தீர்ப்புத் தொகுப்பு, தொடக்கப் பக்கம், நீதிமன்றம், தேதி எல்லாவற்றையும் தீர்ப்பைப் பார்த்தே நிரப்புங்கள்.

ஆஸ்கோலாவில் ஆண்டுக்குப் போடும் அடைப்புக்குறியும் முக்கியம். ஆண்டை வைத்துத்தான் தொகுதியைத் தேட முடியும் என்றால் [1932] ஏசி 562 (ஏசி என்பது தீர்ப்புத் தொகுப்பின் பெயர், 562 தொடக்கப் பக்கம்) போலச் சதுர அடைப்பு. ஆண்டு தேவைப்படாதபடி தொகுதிக்குத் தனி எண் இருந்தால் வளைவு அடைப்பு.

சாட்ஜிபிடி தரும் மேற்கோளைத் தயவுசெய்து அப்படியே ஒட்டிவிடாதீர்கள். அது கற்பனையாகத் தந்த வழக்குகளைத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 2023இல் நியூயார்க் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது.