ஆதாரம் இருக்கிறது, சரி. அதில் என்ன இருக்கிறது?

சதிக் கோட்பாடு பேசுகிறவர்களிடம் ஆதாரமே இருக்காது என்று நினைத்துக்கொண்டு சரிபார்க்க இறங்குவதுதான் முதல் தவறு. பெரும்பாலும் நிஜ ஆவணத்தைத்தான் காட்டுவார்கள். தேடினால் கிடைக்கும், தேதியும் பக்க எண்ணும்கூடச் சரியாக இருக்கும். அதைப் பார்த்ததும் 'அட, உண்மைதான் போல' என்று நிறுத்திவிடுகிறோம். அந்த ஆவணம் அவர்கள் சொல்வதைத்தான் சொல்கிறதா என்று பார்க்கும் வேலையோ அப்போதுதான் தொடங்குகிறது.

பூமி தட்டை என்பவர்களுக்குப் பிடித்தமான ஆதாரம் ஒன்று உண்டு: 1988இல் நாசா வெளியிட்ட தொழில்நுட்ப அறிக்கை. 'தட்டையான, சுழலாத பூமி' என்ற சொற்கள் அதில் இருப்பது நிஜம். ஆனால் அறிக்கை பூமியைப் பற்றியதே அல்ல; விமானத்தின் இயக்கத்துக்கான சமன்பாடுகளை வருவிப்பது பற்றியது. அதே வாக்கியத்தில் விமானம் துளியும் வளையாதது என்றும், அதன் நிறை மாறாதது என்றும் வைத்துக்கொள்கிறார்கள். எரிபொருள் தீரத் தீர விமானத்தின் எடை குறையும் என்பது நாசாவுக்குத் தெரியாதா என்ன? கணக்கு எளிதாக வேண்டும் என்பதற்காகப் போட்டுக்கொண்ட அனுமானங்கள் இவை. மூன்றில் ஒன்றை மட்டும் பிய்த்தெடுத்து 'நாசாவே ஒப்புக்கொண்டது' என்கிறார்கள். ஸ்கிரீன்ஷாட்டில் மஞ்சள் அடித்த வரியை மட்டும் படித்தால் இது பிடிபடாது. முழு வாக்கியத்தையும், அது எந்தப் பகுதியில் வருகிறது என்பதையும் பார்த்தே ஆக வேண்டும்.

செப்டம்பர் 11 தாக்குதலை அமெரிக்காவே திட்டமிட்டது என்பவர்களிடமும் இதே கதைதான். 'புதிய பேர்ல் ஹார்பர் வேண்டும் என்று 2000ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார்கள்' என்பார்கள். (1941இல் ஜப்பான் திடீரெனத் தாக்கிய அமெரிக்கக் கடற்படைத் தளம்தான் பேர்ல் ஹார்பர்.) அமெரிக்கச் சிந்தனைக் குழு ஒன்றின் அந்த அறிக்கையைத் திறந்தால், பேர்ல் ஹார்பர் போன்ற ஒரு பேரழிவு நேர்ந்தாலொழிய ராணுவ மாற்றம் மெதுவாகத்தான் நடக்கும் என்று இருக்கிறது. அதை எழுதியவர்களின் அரசியல் எனக்கும் ஒவ்வாதுதான். அதற்காக அவர்கள் எழுதாததை எழுதியதாகச் சொல்ல முடியாது.

ஆவணம் வெளிவந்த பிறகு அதற்கு என்ன ஆயிற்று என்று பார்க்காமல் விடுவது இன்னொரு தவறு. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட இன்றும் காட்டப்படும் 1998ஆம் ஆண்டுக் கட்டுரை, லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது; 12 குழந்தைகளைப் பற்றியது. தடுப்பூசிக்கும் அந்தக் கோளாறுக்கும் தொடர்பை நிரூபிக்கவில்லை என்று கட்டுரையே சொல்கிறது. 2010இல் லான்செட் அதைத் திரும்பப் பெற்றது. தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளைத் திரட்டும் அமெரிக்காவின் 'வேர்ஸ்' (VAERS) பதிவேட்டின் எண்ணிக்கைகளும் இப்படித்தான் திரிகின்றன. அதில் யாரும் புகார் பதியலாம். பதிவானதாலேயே தடுப்பூசிதான் காரணம் என்று ஆகிவிடாது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. படித்தவர்கள் விழுவது இதில்தான். 'ஆபரேஷன் நார்த்வுட்ஸ்' என்று யாராவது சொன்னதும் சிரித்து ஒதுக்கிவிடுவது. அது நிஜமான ஆவணம். கியூபா மீது போர் தொடுக்கச் சாக்கு வேண்டி, போலித் தாக்குதல்களை நடத்தலாம் என்று 1962இல் அமெரிக்க முப்படைத் தலைமை முன்வைத்த யோசனை. அப்போதைய அதிபர் கென்னடியின் அரசு ஏற்கவில்லை. அது நிறைவேறவும் இல்லை. அப்படி ஒன்றே இல்லை என்று நீங்கள் அடித்துச் சொன்னால், ஆவணத்தை எடுத்துப்போட்டு உங்கள் வாயை அடைத்துவிடுவார்கள். யோசனை இருந்தது, அதை வைத்து வேறொரு சம்பவத்தை நிரூபிக்க முடியாது என்பதே சரியான பதில்.

மேற்கோள் திரிந்திருப்பதைக் கண்டதுமே 'பொய்யர்' என்று முத்திரை குத்த வேண்டாம். யாரோ வெட்டிப் போட்டதை நம்பிப் பகிர்ந்தவராகவும் இருக்கலாம். மூல வாக்கியத்தையும் அவர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும்.

அப்புறம், இருபது லிங்க் தந்தால் இருபதையும் திறந்து மல்லாட வேண்டியதில்லை. 'இதில் உங்களுக்கு மிக வலுவாகத் தெரிவது எது?' என்று அவரையே கேளுங்கள். நாமாக ஒன்றை எடுத்தால், சொத்தையானதைப் பொறுக்கிவிட்டாய் என்பார்.