வீடு அடங்கினால்தான் பிள்ளை தூங்கும்

ஒரு பக்கம் டிவி அலறுகிறது, இன்னொரு பக்கம் யாரோ போனில் சத்தமாகப் பேசுகிறார்கள், அடுப்படியில் பாத்திரம் உருளுகிறது. இதற்கு நடுவே "கண்ணை மூடித் தூங்கு" என்று குழந்தையை அதட்டினால் அது எப்படித் தூங்கும்? கண்ணை மூடினாலும் காது விழித்துக்கொண்டுதானே இருக்கும்.

சத்தத்தைவிட மோசமானது பெரியவர்களின் சண்டை. கதவுக்கு அந்தப் பக்கம் குரல் உயர்ந்ததும், போர்வைக்குள் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும். பதற்றத்தில் இருக்கும் உடம்பு தூக்கத்துக்குள் போகாது. மறுநாள் காலையில் வரும் சிணுங்கலையும் பிடிவாதத்தையும் நாம் குணம் என்று நினைக்கிறோம். பல நேரம் அது தூக்கக் குறைவுதான். 3 முதல் 5 வயதுவரை பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும்; 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம்.

சரி, என்ன செய்யலாம்? படுக்க ஒரு மணி நேரம் முன்பே டிவி, போன் இரண்டையும் அணைத்துவிட்டு விளக்கை மங்கலாக்குங்கள். வெளிச்சம் பட்டால், தூக்கம் வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பது தள்ளிப்போகும். அப்புறம் பல் துலக்கல், உடை மாற்றல், ஒரு கதை என்று தினமும் ஒரே வரிசை. நேரம் கொஞ்சம் முன்பின் ஆனாலும் வரிசை மாற வேண்டாம். வீடு முழுவதையும் ஒழுங்குபடுத்த முடியாவிட்டால், குழந்தை படுக்கும் மூலையையாவது காலி செய்து கொடுங்கள். பேசித் தீர்க்க வேண்டிய சண்டை இருந்தால், பிள்ளை வீட்டில் இல்லாத நேரத்தில் பேசிக்கொள்ளுங்கள்.