மிளகாய் நிறமியை ஆராய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவி பியாடகி என்ற மிளகாய் வத்தலை அரைத்து மெத்தனாலில் ஊறவைத்து, குறிப்பேட்டில் ‘மிளகாய் நிறமியின் ஆன்டிஆக்சிடன்ட் திறன்’ என்று எழுதியிருந்தார். படிக்கிற காலத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன். காம்பு கிள்ளுவது, எடை போடுவதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் சறுக்குகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

சக்கையைப் பார்க்காமல் கொட்டுவது

பழுத்த மிளகாயின் சிவப்பு கேப்சாந்தின், கேப்சோருபின் என்ற கரோட்டினாய்டு வகை நிறமிகளால் வருவது. இவை பெரும்பாலும் கொழுப்பு அமிலங்களோடு பிணைந்தே இருக்கும். வத்தக்குழம்பில் சிவப்பெல்லாம் மேலே மிதக்கும் எண்ணெயில் போய்ச் சேர்வதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். அசிட்டோனிலும் ஹெக்சேனிலும் நன்றாகக் கரையும், மெத்தனாலில் கொஞ்சம்தான் வரும்.

மெத்தனாலில் தாராளமாக இறங்குபவை ஃபீனாலிக் பொருள்கள், மிச்சமிருக்கும் வைட்டமின் சி, காரம் தரும் கேப்சைசின். இவையும் ஆன்டிஆக்சிடன்ட்கள்தான். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. ஆன்டிஆக்சிடன்ட் திறனை அளக்க உதவும் ஊதா நிறப் பொருள் டிபிபிஎச். அதன் கரைசலில் சாற்றை விட்டதும் ஊதா அழகாக மஞ்சளாகும், எண்ணும் நன்றாக வரும், சந்தேகமே எழாது.

மூன்று மாதம் அப்படி அளந்தேன். ஒருநாள் என் வழிகாட்டி குப்பைக்குப் போகவிருந்த வடிதாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சக்கை செக்கச்செவேலென்று இருந்தது. “நிறம் இங்க இருக்கே, அப்ப நீ எதை அளந்தே?” என்றார். எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். இன்றும் மெத்தனால் சாற்றின் எண்ணை நிறமியின் கணக்கில் எழுதியிருப்பதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. சக்கைமேல் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டுப் பாருங்கள். சிவப்பு கசிந்தால் நிறமி இன்னும் வெளியே வரவில்லை. சக்கை வெளிறும்வரை புது அசிட்டோன் ஊற்றி எடுங்கள். அந்த மாணவிக்கு மூன்றாவது முறையில்தான் வெளிறியது.

சாற்றின் சொந்த நிறத்தைக் கழிக்காமல் விடுவது

டிபிபிஎச்சின் ஊதா எவ்வளவு மிச்சம் என்பதை 517 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளக்கிறோம். சிவப்புச் சாறும் அங்கே கொஞ்சம் ஒளியை உறிஞ்சும். கழிக்காவிட்டால் அதுவும் மிச்ச ஊதாவாகக் கணக்காகி, திறன் குறைவாகத் தெரியும். டிபிபிஎச் சேர்க்காத சாற்றைத் தனியே அளந்து கழித்துவிடுங்கள்.

காரத்தை வைத்து நிறத்தைக் கணிப்பது

கேப்சைசினுக்கு நிறமே கிடையாது. பியாடகியில் சிவப்பு அதிகம், காரம் குறைவு.

ஜன்னலோரம் வைப்பது

சாற்றை அங்கே வைக்க வேண்டாம், வெளிச்சம் பட்டால் நிறமி சிதையும்.

டிபிபிஎச்சோடு நிறுத்துவது

கரோட்டினாய்டுகள் சிங்கிலெட் ஆக்சிஜனை, அதாவது கிளர்ந்த நிலையில் தீவிரமாக வினைபுரியும் ஆக்சிஜனை, தணிப்பதில் கெட்டிக்காரர்கள். டிபிபிஎச் அந்தத் திறமையைக் காட்டாது. அதற்கென்று தனிச் சோதனை வையுங்கள்.